இருபது செக்கனும் ஒரு ஊமைக் கட்டையும்

பியானோ திருத்துகிறவர் சட்டைப் பைக்குள் கையை விட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். உள்ளே விரல் நீளத்தில் ஒரு மரச் சுத்தியல், தலையில் வெள்ளைக் கம்பளி ஒட்டியது. சீமையிலிருந்து கப்பலில் வரவேண்டும், வரவேண்டும் என்று நாலு வருஷமாக ஐயா சொல்லிக்கொண்டிருந்த சாமான் அதுதான். அது கப்பலில் வரவில்லை. பக்கத்து ஊரான தெஹிவளையிலிருந்து சைக்கிளில் வந்தது.

வேலை முடிய அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. "ஹரி, மாத்தயா", சரி ஐயா, என்று சிங்களத்தில் சொல்லி, ஒற்றை விரலால் பியானோவின் ஒரு கட்டையை அழுத்திக் காட்டினார். நாலு வருஷமாக 'டொக்' என்று மரச் சத்தம் மட்டும் போட்ட கட்டை கணீரென்று பேசியது.

ஐயா சிரித்தார். "இப்ப ஒரு குறையுமில்லை" என்றார். பக்கத்தில் நின்ற அண்ணன் நெற்றி வியர்வையைத் துடைத்தான். அம்மா வந்தவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தா.

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் கட்டையைக் கோடரியால் கொத்த வேண்டும் போல இருந்தது. ஒரு பியானோ குணமானதற்காக ஆத்திரப்பட்டவள் வெள்ளவத்தையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன கிழமை இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி கடிதம் எழுதியிருந்தார். என் தமையனார் எழுதிய குட்டிக் குட்டி பியானோ உருப்படிகளைத் தன் தாயார் மிகவும் ரசித்து வாசிப்பாராம். அப்பேர்ப்பட்ட கலைஞரின் சங்கீதத்தைப் பற்றி நான் ஏன் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை என்று கேட்டிருந்தார். இந்தா, எழுதுகிறேன் பிள்ளை. ஆறுதலாக இருந்து படியுங்கள்.

ஒன்று முதலே சொல்லிவிடுகிறேன். மூத்த தமையனை 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். போன அத்தியாயங்களில் அப்படித்தான் எழுதினேன். இந்தக் கிழமை என்னால் முடியாது.

கடற்காற்றும் கலியாணப் பேச்சும்

எங்கள் வீடு காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு ஒழுங்கையில் இருந்தது. ரயில் போனால் அலுமாரிக்குள் கோப்பைகள் கதைக்கும். கடற்காற்று எதையும் விட்டுவைக்காது. கதவுப் பூட்டு, தையல் ஊசி, ஐயாவின் குடைக் கம்பி எல்லாம் துருப்பிடிக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கொண்டுவந்து ஒரு பியானோவை வைத்தார் ஐயா. சீமைக்குத் திரும்பிப் போன தோட்டத்துத் துரை ஒருவரின் வீட்டு ஏலத்தில் எடுத்தது.

சங்கீத ஆசையில் எடுத்தார் என்று நினைக்க வேண்டாம். ஐயா அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொழும்பில் உத்தியோகம் பார்த்த குடும்பங்களில் அந்த நாளில் பெண்ணுக்கு ஒரு கணக்கு இருந்தது. சமைப்பாள், தைப்பாள், இங்கிலீசு கதைப்பாள், பியானோ வாசிப்பாள். கடைசிச் சொல்லைச் சொல்லும்போது மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்வுக்காக வாங்கிய பியானோ அது.

வந்த வருஷமே ஒரு கட்டை செத்துவிட்டது. நடுவில் இருக்கிற 'ஏ'. ஸரிகம தெரிந்தவர்களுக்குச் சொன்னால், ஸவிலிருந்து ஆறாவது இடம், தைவதம். மேலேயும் கீழேயும் அதே சுரம் பேசும். ஆனால் பாட்டு நடமாடுவது நடு வீட்டில்தானே, நடு வீட்டில் அது இல்லை. ஐயாவிடம் சொன்னேன். "மாப்பிள்ளை வீட்டார் என்ன, கட்டை கட்டையாய் எண்ணிப் பாக்கவே போகினம்?" என்றார். பிறகு கேட்டபோதெல்லாம், சீமையிலிருந்து சாமான் வரவேண்டும் என்பார்.

படிக்கட்டில் ஒரு படி உடைந்திருந்தால் வீட்டுக்காரர் அதைத் தாண்டி ஏறப் பழகிவிடுவார்கள். பிறகு கால் தானாகவே தாண்டும். என் கையும் அப்படியே பழகியது. பஞ்சமத்திலிருந்து நேரே நிஷாதத்துக்கு ஒரு துள்ளல். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி அம்மா தந்த பாடங்களை அந்தப் பியானோவில் வாசித்தால் பல்லுப் போன வாய் சிரிப்பது போல இருக்கும். அதனால் வீட்டில் நானே உண்டாக்கி வாசிக்கத் தொடங்கினேன். அந்த ஒரு கட்டை தேவைப்படாத பாட்டுகள்.

அண்ணனும் என் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து வாசிக்கப் பழகினான். நோட்டை வைத்தால் பிழையில்லாமல் வாசிப்பான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் இல்லாத ஒன்றை உண்டாக்க அவனுக்கு வராது.

வெடிக்கும் கண்ணாடி

கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கொட்டாஞ்சேனையில், படம் காட்டுகிற ஒரு பயஸ்கோப் ஹோல் இருந்தது. பெயர் வேண்டாம். பேசும் படம் வருகிறது, வருகிறது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அங்கே இன்னும் ஊமைப் படம்தான். திரைக்குக் கீழே ஒருவர் பியானோ வாசிப்பார். வாசித்துக்கொண்டிருந்த பறங்கிக்காரர் விலகிப் போக, கொழும்புக் கோட்டையில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்கராக இருந்த என் அண்ணன் சனி, ஞாயிறு பின்னேர ஆட்டங்களுக்கு அந்தக் கதிரையைப் பிடித்தான். ஆம்பிளைப் பிள்ளை, ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

ஹோல் மனேஜர் மனுவேல் ஒரு யோசனைக்காரர். இடைவேளையில் கடைக்காரர்களின் விளம்பரங்களைக் கண்ணாடிச் சிலைட்டாகத் திரையில் போடுவார். தையற்கடை, சைக்கிள் கடை, குடைக் கடை, தேயிலைக் கடை. ஒவ்வொரு கடைக்கும் தனியாக ஒரு பாட்டு இருக்க வேண்டும், கண்ணை மூடியிருந்தாலும் எந்தக் கடை என்று ஆட்களுக்குத் தெரிய வேண்டும் என்றார் அவர்.

ஒரு நிபந்தனை. இருபது செக்கன். ஒரு செக்கன் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அந்த ஹோல் விளக்கின் சூடு அப்படி. இருபது செக்கனுக்கு மேல் சிலைட்டை விட்டால் கண்ணாடி வெடிக்கும். குடைக் கடைக்காரரின் சிலைட் ஒருநாள் அப்படித்தான் இரண்டாய்ப் பிளந்தது. மனுசன் மூன்று கிழமை அந்த ஹோல் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லையாம். குறைந்தாலோ, விளம்பரம் கொடுத்த கடைக்காரர் சண்டைக்கு வருவார்.

அண்ணன் கடைகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். இரண்டு நாள் பியானோவுக்கு முன்னால் இருந்து தலையைச் சொறிந்தான். மூன்றாம் நாள் என்னிடம் வந்தான்.

"மங்கை, ஒரு சின்ன உதவி. சும்மா விளையாட்டுக்கு எழுதிற மாதிரி எழுதித் தா பாப்பம்."

விளையாட்டுக்கு எழுதிற மாதிரி! எழுதினேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

எட்டுப் பார்

இருபது செக்கன் என்றால் என்னவென்று ஒருவருக்கும் விளங்காது. ஒரு கோப்பை தேத்தண்ணீர் ஆற்றும் நேரம்கூட இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க முடியாது. கதையின் நடுவிலேயே வாயைத் திறக்க வேண்டும்.

நடுத்தர வேகத்தில் எட்டுப் பார் பிடிக்கும். பார் என்றால் எங்கள் தாளத்தில் ஒரு ஆவர்த்தனம் மாதிரி. பாருக்கு நாலு தட்டு, மொத்தம் முப்பத்திரண்டு. இரண்டு பாரில் சொல்ல வேண்டியதைச் சொல். அடுத்த இரண்டில் அதையே சற்றுத் திருப்பிச் சொல். ஐந்திலும் ஆறிலும் வெளியே போ. ஏழிலும் எட்டிலும் வீட்டுக்கு வா. வரும்போது கதவைச் சாத்து. சாத்தாவிட்டால் அடுத்த கடையின் பாட்டு இதற்குள் வந்துவிடும்.

நேரம் பார்க்க ஐயாவின் பொக்கற் மணிக்கூடு வேண்டும். அது கிழமை நாட்களில் ஐயாவோடு கந்தோருக்குப் போய்விடும். அதனால் எங்கள் சுவர் மணிக்கூட்டின் நாக்கு ஆடுவதை எண்ணி எண்ணி எழுதுவேன், ஞாயிற்றுக்கிழமை பொக்கற் மணிக்கூட்டை வைத்துச் சரிபார்ப்பேன். தேயிலைக் கடைக்கு எழுதியது இருபத்திரண்டு செக்கன் ஓடியது. இரண்டு செக்கனை வெட்ட ஒரு கிழமை எடுத்தது. வெட்டிய சுரங்கள் ஒவ்வொன்றும் இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

எல்லாவற்றிலும் ஆறாவது பாரில் அந்தத் துள்ளல் வரும். உயரப் போகும் நேரம் அங்கேதான். அந்த வழியில்தான் செத்த கட்டை கிடந்தது. சைக்கிள் கடைப் பாட்டில் அது சங்கிலி ஒருதரம் சறுக்கிப் பிடிப்பது போல இருக்கும். தையற்கடையில் கத்தரிக்கோல் துணியின் கரையைத் தாண்டுவது போல. நான் கெட்டித்தனத்தால் செய்ததில்லை. வழியில்லாமல் செய்தது. ஆனால் செய்தது நான்.

சில மாதங்கள் போயிருக்கும். மாளிகாவத்தையிலிருந்து துணி மூட்டையோடு எங்கள் ஒழுங்கைக்கு வரும் வியாபாரி ஒருவர் கேற்றடியில் நின்று விசிலடித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். நான் கேற்றடிக்கு ஓடினேன். அது என் சைக்கிள் கடைப் பாட்டு.

"இது எங்க கேட்டனீங்கள்?" என்று கேட்டேன்.

"நம்ம கொட்டாஞ்சேன ஹோல்ல, தங்கச்சி. சைக்கிள் கட படம் போடக்க இத அடிப்பாங்க. இந்த எடத்துல ஒரு துள்ளு துள்ளும் பாருங்க" என்று அந்த இடத்தை இன்னொரு முறை விசிலடித்துக் காட்டினார். "பின்னால மலிவு டிக்கட் கலரியே சேந்து துள்ளும். படம் சரியில்லாட்டியும் அதுக்காகப் போவலாம்."

அன்றைக்கு அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, "என்னடி தன்பாட்டிலை சிரிக்கிறாய்?" என்று கேட்டா. அந்த வீட்டில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த நாட்களில் அது ஒன்று.

தைவதம் விலக்கிய ராகம்

அண்ணனுக்குப் பெயர் வந்தது. தானே எழுதுவதாகத்தான் மனுவேலிடம் சொல்லியிருந்தான். கோட்டையில் வாத்தியமும் நோட்டுப் புத்தகமும் விற்கிற கடையின் வெள்ளைக்காரத் துரை ஒருநாள் ஹோலுக்கு வந்து கேட்டுவிட்டு, அண்ணனைத் தேநீருக்கு அழைத்தார். இந்தத் துள்ளல் என்ன விசித்திரம் என்று கேட்டாராம். என் தமையன் என்ன சொன்னான் தெரியுமா?

"இது எங்கட பழைய கர்நாடக ராகம், தைவதத்தை விலக்கினது எண்டு சொன்னனான்" என்று சாப்பாட்டு மேசையில் பெருமையாகச் சொன்னான். "துரை அப்பிடியே அசந்து போனார்."

ராகத்தின் பெயர் என்ன என்று ஐயா கேட்டார். "மிகப் பழசு ஐயா, இப்ப ஒருத்தரும் பாடிறேல்லை" என்றான். கோயிலில் தேவாரம் கேட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் ஐயா அதற்கும் கண்ணை மூடித் தலையாட்டினார். அவர் வாங்கிவைத்த செத்த கட்டை ஒரு ராகமாகிவிட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவன் நெய்யை மட்டுமில்லை, சட்டியில் இருந்த ஓட்டையையும் தன்னுடையது என்றான்.

துரை ஒரு புத்தகம் அச்சடிக்கப் போவதாகச் சொன்னார். பன்னிரண்டு உருப்படிகள், ஒவ்வொன்றும் இருபது செக்கன். லண்டனுக்கும் அனுப்புவாராம். என்னிடமிருந்து பதினொன்று போயிருந்தது. ஒன்று குறைந்தது.

அண்ணன் வந்தான். "மங்கை, இன்னும் ஒண்டே ஒண்டு."

"எழுதித் தாறன். புத்தகத்திலை என்ர பேரைப் போடுங்கோ" என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டு ஐயாவைக் கூப்பிட்டான். ஐயா வந்து, நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது போல என்னைப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளையின்ர பேர் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளை கிடக்கிறதோ? பயஸ்கோப்புக்கு எழுதினவள் எண்டு தெரிஞ்சால் ஆர் வந்து உன்னைக் கேப்பினம்?"

"அண்ணையின்ர பேர் கிடக்கலாமோ?"

"அவன் ஆம்பிளை."

அம்மா என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனா. அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் எழுதுகையில் பக்கத்தில் இருந்து பயற்றங்காய் முறித்தவ அவதான். "உன்ர பேர் கலியாணக் கார்ட்டிலை அச்சிலை வரும் தானே. அதுக்குள்ளை என்ன அவசரம்? அண்ணைக்கு ஒரு வழி பிறக்குது, பிறக்கட்டும்."

எனக்குப் பெயர் வேண்டும் என்றால் யாராவது ஒருவனுடைய பெயருக்குப் பக்கத்தில் வேண்டும். அப்படித்தான் அவர்கள் நினைத்தார்கள். எவ்வளவு அன்பானவர்கள்! அந்த அன்பை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

பன்னிரண்டாவதை நான் எழுதவில்லை.

துரை வந்தார்

பன்னிரண்டாவதை அண்ணனே எழுதினான். ஹோல் பியானோவில் இருந்து எழுதினான். அந்தப் பியானோவில் எல்லாக் கட்டையும் பேசும். வீட்டுப் பியானோவை அவன் தொட்டு ஒரு வருஷத்துக்கு மேல். அந்தக் கட்டை செத்தது என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. என் கைக்கு ஒரு நாளும் மறக்காதது அவன் கைக்கு மறந்துபோனது.

ஒரு ஞாயிறு பின்னேரம் துரையும் மனுவேலும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஐயா கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். நான் தட்டில் கேக்கும் தேத்தண்ணீரும் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றேன். இப்படியான நேரங்களில் எங்களுக்குரிய இடம் அதுதான். புது உருப்படியை வாசித்துக் காட்டுங்கள் என்றார் துரை.

அண்ணன் தொடங்கினான். இரண்டாம் பாரிலேயே 'டொக்'. அவன் முகம் கறுத்தது. நாலாம் பாரில் 'டொக்'. ஐந்தில் இரண்டு தரம். எண்ணிக்கொண்டே நின்றேன். எட்டுப் பாருக்குள் ஒன்பது 'டொக்'.

"கடற்காற்றிலை ஏதோ பிழைச்சுப் போச்சு" என்று ஐயா இங்கிலீசில் சமாளித்தார்.

துரை பழைய உருப்படிகளை வாசிக்கச் சொன்னார். சைக்கிள் கடை. ஒரு 'டொக்' இல்லை. தையற்கடை. இல்லை. குடைக் கடை, தேயிலைக் கடை. இல்லை. துரை எழும்பி வந்து, செத்த கட்டையை ஒற்றை விரலால் இரண்டு தரம் அழுத்தினார். கடதாசிகளைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பி, கதவடியில் தட்டோடு நின்ற என்னைப் பார்த்தார்.

அந்த மனுசனுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பியானோவில் நாளும் பொழுதும் இருந்து எழுதிய கை எது என்று சந்தேகமில்லாமல் விளங்கிவிட்டது. கேட்பார், இப்போது கேட்பார் என்று நின்றேன்.

அவர் ஒரு துண்டு கேக்கை எடுத்துக்கொண்டார். ஐயாவிடம் இங்கிலீசில் இரண்டு விஷயம் சொன்னார். புத்தகம் வருவதற்கு முன் இந்தக் கட்டையைத் திருத்திவிடுவது எல்லாருக்கும் நல்லது. மற்றது, அந்தத் துள்ளலை லண்டன்காரர்கள் அச்சுப் பிழை என்று நினைப்பார்கள், இடையில் அந்தச் சுரத்தைப் போட்டு நிரப்பிவிட்டால் அழகாக ஓடும்.

மனுவேல் ஒன்றும் விளங்காமல் கேக் நன்றாக இருக்கிறது என்றார்.

என் வீட்டார் மறைத்ததற்குக்கூட ஒரு காரணம் வைத்திருந்தார்கள். அந்தத் துரைக்கு என்ன காரணம்? கண்ணால் கண்டுவிட்டு, வாய்க்குள் கேக்கை அடைத்துக்கொண்டு போனார். ஐயாவை விட, அண்ணனை விட, அந்த மனுசன் மேல்தான் எனக்கு இன்றைக்கும் அதிகக் கோபம்.

நாலு வருஷம் வராத பியானோக்காரர் நாலாம் நாள் வந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு சின்னச் சுத்தியல் போதுமாக இருந்தது. இப்போது விளங்குகிறதா, நான் ஏன் கோடரியைத் தேடினேன் என்று?

கலரி

அண்ணன் பதினொன்றிலும் ஆறாவது பாரில் அந்தச் சுரத்தைப் போட்டு நிரப்பினான். நொண்டி நடந்த பாட்டுகள் எல்லாம் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நடந்தன. அச்சுக்கு அனுப்பிவிட்டு, அதே சனிக்கிழமை ஹோலிலும் புதுமாதிரியே வாசித்தான். வீட்டுக்கு வந்தபோது முகம் வீங்கியிருந்தது.

"கலரியிலை இருக்கிறவங்கள் கூச்சல் போடுறாங்கள். ஒருக்காப் பார் மங்கை, எங்க பிழையெண்டு."

"ஒரு பிழையுமில்லை, அண்ணை. இப்ப எல்லாக் கட்டையும் பேசுது தானே. நீங்களே பாருங்கோ."

அடுத்த சனிக்கிழமை, சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன். வெள்ளவத்தையில் ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி, கிராண்ட்பாஸ் ட்ராமில் போய், மிச்சத்துக்கு நடந்தேன். அவ்வளவு தூரம் நான் தனியாகப் போனது அதுவே முதல் தடவை. பயப்பட நேரம் இருக்கவில்லை, கோபம் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கத்து வாங்கில் முக்காட்டுப் பெண்களுக்கும் கடலை கொறித்துக்கொண்டிருந்த அக்காமாருக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு இருந்தேன்.

இடைவேளை. சைக்கிள் கடைச் சிலைட் திரையில் விழுந்தது. அண்ணன் வாசித்தான். ஆறாவது பார் வந்தது. அவன் அந்தச் சுரத்தைப் போட்டு அழகாக ஓடினான்.

பின்னால் கலரி முழுக்க விசிலடித்தது. கூச்சல் இல்லை, பாட்டு. பஞ்சமத்திலிருந்து நேரே நிஷாதத்துக்கு. துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தையற்காரர்கள், மாளிகாவத்தையிலிருந்து வந்தவர்கள், எல்லாரும் சேர்ந்து அவனை மூழ்கடித்து அந்தத் துள்ளலைத் துள்ளினார்கள். அச்சுப் பிழை என்று ஒருத்தன்கூட நினைக்கவில்லை.

நான் எழும்பினேன். எப்படி நடந்தேன் என்று தெரியாது. பியானோவுக்குப் பக்கத்தில் போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக அவனிடம் 'எழும்புங்கோ' என்று சொல்லாமல், "எழும்பு" என்றேன்.

"விசரே உனக்கு? வீட்டை போ!"

தையற்கடைச் சிலைட் வந்துவிட்டது. பாட்டில்லாமல் செக்கன்கள் ஓடுகின்றன. அவனுக்கு என்னோடு சண்டை பிடிக்க நேரம் இல்லை. எழும்பினான். நான் இருந்து வாசித்தேன். தையற்கடை, குடைக் கடை, தேயிலைக் கடை. அந்தப் பியானோவில் உயிருள்ள 'ஏ' என் விரலுக்கு நேரே கிடந்தது. என் விரல் அதைத் தாண்டியது. ஒவ்வொரு ஆறாவது பாரிலும் கலரி என்னோடு சேர்ந்து துள்ளியது.

மனுவேல் மேலேயிருந்து ஓடிவந்தார். "மிஸ், நீங்க தம்பிட வூட்டுல கேக் கொண்டாந்த புள்ளதானே?"

"இதுகளை எழுதினது நான்."

அவர் அண்ணனைப் பார்த்தார். அவன் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கலரி "ஆரு அது? பேரச் சொல்லு!" என்று கத்தத் தொடங்கியது. மனுவேல் கொட்டாஞ்சேனைக்காரர், கலரியின் சொல்லைத் தட்ட மாட்டார்.

"பேர் என்னா மிஸ்?"

"மங்கையர்க்கரசி."

"அம்மாடி! கண்ணாடியில புடிக்காதே. மங்கைன்னு போட்டாப் போதுமா?"

"போதாது. முழுசா எழுதுங்கோ."

விளக்குப் புகை காட்டிக் கறுப்பாக்கிய கண்ணாடியில் ஆணியால் கீறினார். ஒரு வரியில் பிடிக்காமல் இரண்டு வரியாகக் கீறினார். அது திரையில் விழுந்தது. என்னை விட உயரமாக, வெள்ளை வெள்ளையாக, எழுத்துகள் கோணல்மாணலாக. அதற்கு வாசிக்க என்னிடம் பாட்டு இருக்கவில்லை. எல்லாக் கடைக்கும் எழுதினேன், என் பெயருக்கு எழுதவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கலரி சைக்கிள் கடையை விசிலடித்தது. எட்டுப் பார், முப்பத்திரண்டு தட்டு. நான் எண்ணினேன். கண்ணாடி வெடிக்கும் முன் எடுத்துவிட்டார்கள்.

சாவி

எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. நான் போகையில் பியானோ மூடி பூட்டியிருந்தது. சாவி ஐயாவின் கையில் இருந்தது.

"இனி இந்த வீட்டிலை பியானோ இல்லை" என்றார்.

புத்தகம் அண்ணனின் பெயரில்தான் வந்தது. உங்கள் தாயார் வாசித்தது அந்த நிரப்பிய பதினொன்றையும், அவன் சொந்தமாக எழுதிய ஒன்றையும்தான், பிள்ளை. எல்லாக் கட்டையும் பேசுகிற புத்தகம் அது. என்னிடம் அதில் ஒரு பிரதி இல்லை. தாயார் உயிரோடு இருந்தால் ஆறாவது பாரில் அந்த ஒரு சுரத்தை விட்டுவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். வாசித்தால் நான் யார் என்று அவருக்குத் தெரியும்.

என் கோபம் ஆறிவிட்டதா என்று அடுத்த கடிதத்தில் கேட்க வேண்டாம். ஆறவில்லை. ஆற வேண்டும் என்ற ஆசையும் எனக்கில்லை.

அன்றைக்கு ஐயா சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் அழுவேன் என்று பார்த்தபடி நின்றார். அம்மாவும் அதற்காகவே சேலைத் தலைப்போடு பக்கத்தில் நின்றா.

"வைச்சிருங்கோ ஐயா" என்றேன். "எனக்கு இனி அது தேவையில்லை. கொட்டாஞ்சேனையிலை விசிலடிக்கினம்."